அத்தானைத் தாண்டிப் போவது எப்படி

விசில் கழுத்தில் ஏறிய புதிதில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் போன வாரம் நீங்களும் கேட்டீர்கள். "சார், எதிராளிய ஏமாத்தித் தாண்டுற டாட்ஜ எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?" வெளிநாட்டுக்காரர்கள் பந்தைச் சுற்றிக் காலை வீசுகிற படங்களையும் கைபேசியில் காட்டினீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. காலை எங்கே ஊன்ற வேண்டும், பந்தைப் பாதத்தின் எந்தப் பக்கத்தால் தொட வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் படங்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். நான் பேசப் போவது எதிரே நிற்கிற மனிதரைப் பற்றி. என் விஷயத்தில் அந்த மனிதர் என் அக்காவின் கணவர்.

எழுபதுகளின் நடுவில், கேரள மலையில், சக்குபள்ளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர். மேல எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் குடியிருந்தோம். அக்கா ஞானத்தைக் கட்டிக்கொடுத்தது கீழ எஸ்டேட்டில். நடுவில் ஓர் ஓடையும் ஒரு சரிவும்தான். காலையில் இந்தப் பக்கம் வைத்த மீன்குழம்பு மத்தியானம் அந்தப் பக்கம் போய்ச் சேரும். பந்து என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டும் இரண்டு நாடு.

மைதானம் ஒன்றுதான். அதுவும் கிழக்கே சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் உருண்ட பந்தை யாராவது ஏலச்செடிகளுக்குள் இறங்கித் தேடி எடுத்து வரும்வரை இரண்டு அணியும் இடுப்பில் கைவைத்து நிற்போம். மழை குடித்த தோல் பந்து கருங்கல் மாதிரி கனக்கும். பாதிப் பேருக்குக் காலில் ஒன்றும் கிடையாது.

நான் மேல எஸ்டேட்டின் இடது விங். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. குமுளியில் நடக்கும் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை லயத்து முற்றத்தில் செய்து பார்ப்பேன். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வெட்டுவது, பந்தை மிதிப்பதுபோலக் காலைத் தூக்கி மிதிக்காமல் விடுவது, நின்றுவிட்டுப் பாய்வது என்று ஒவ்வொன்றாகக் கைவந்தது. அந்த மலையில் என்னைத் தடுக்க ஆள் இல்லை என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஓர் ஆள் இருந்தார். கீழ எஸ்டேட்டின் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக், தங்கராசு அத்தான்.

அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தார். அகலமான மனிதர், வேகம் கிடையாது, பேச்சும் குறைவு. நான் அவர் முன்னால் என்ன வித்தை காட்டினாலும், குழந்தை கையிலிருந்து முறுக்கை வாங்குவதுபோலப் பந்தை வாங்கிக்கொள்வார். வாங்கிவிட்டு, "ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வா மாப்ள. ஒங்கக்கா கெழங்கு அவிச்சிருக்கா" என்பார். அதுதான் இன்னும் எரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோற்றுவிட்டு அக்கா வீட்டில் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்புமாக உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை. நான் கிழங்கைத் தொடவில்லை.

"அத்தான், நான் எந்தப் பக்கம் போவேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவர் கிழங்கை மென்றபடி சிரித்தார். அக்காவால் தாங்க முடியவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு அவனப் போட்டுப் படுத்துவீக? ஏலே, ஒந் தோளுலே, தோளு! சின்னப் பிள்ளையிலருந்து பொய் சொல்லும்போது ஒன் எடது தோளு மேல ஏறும். சீனியத் தின்னுட்டு 'நான் எடுக்கல'ம்ப. தோளு போய்க் காதத் தொடும். அம்மா அதப் பாத்துட்டுத்தான அகப்பையத் தூக்குவா!"

அத்தான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தே விட்டார். "ஏட்டி! எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி!"

"அவன் எந் தம்பி. நீங்க எம் புருசன். நான் யாரு பக்கமும் பேசல. கொழம்பு ஆறுது, உக்காந்து தின்னுங்க."

விஷயம் இவ்வளவுதான். வலப்பக்கம் போவதாகப் பாசாங்கு செய்யும்போதெல்லாம் என் இடது தோள் தானாக ஏறியிருக்கிறது. தோள் ஏறினால் பொய், ஆகவே நான் சாய்கிற பக்கத்தை விட்டுவிட்டு அவர் மறுபக்கம் கால்வைத்தால் போதும். அக்கா சொன்ன ரகசியத்தை வைத்துக்கொண்டு அவர் என்னை அத்தனை நாள் கட்டிப்போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை உங்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். தோள் ஏறக் கூடாது, தோள் ஏறக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆடினேன். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி ஆகிவிட்டேன். கால் சொன்னதைத் தோள் கேட்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பந்து எங்கே என்றே தெரியவில்லை. அத்தான் தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நானே விழுந்தேன். உங்களிடம் வருகிற பிள்ளைகளுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். நாக்கைக் கடிப்பான், மூச்சைப் பிடிப்பான், கண்ணைக் கீழே போடுவான். கண்டுபிடித்த உற்சாகத்தில், "அதைச் செய்யாதே" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிடத்திலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

ஒருநாள் காய் எடுக்கிற வேலையில் குனிந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. தோள்தான் இறங்க மாட்டேன் என்கிறதே, ஏறட்டும். தோள் பொய் என்று சொல்லும்போது நான் உண்மையாக நடந்துகொண்டால் என்ன?

அன்று சாயங்காலமே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அத்தான் இன்னும் வரவில்லை. அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பந்து இல்லாமல் அவள் முன்னால் ஓடிவந்து சாய்வேன். எந்தப் பக்கம் போகப் போகிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். "எடது. எடது. வலது. ஏலே, கோழிய மிதிச்சிராத. வலது." ஒன்றுகூடத் தப்பவில்லை. வாரக்கணக்கில் போனேன். தோளை நானாக ஏற்றினால் அவளுக்கு அந்த வித்தியாசமும் தெரிந்தது. பாசாங்கு செய்யப்போகிறவன் மாதிரியே மனதாரக் கிளம்பி, பாதி வழியில் மனதை மாற்றிக்கொண்டு சாய்ந்த பக்கமே போகப் பழகிய அன்றுதான் அவள் "எடது" என்று சொல்லி, நான் வலப்பக்கம் போனேன். அவள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த அரிசி பாதி தரையில்.

"இத நான் அவுககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"அவுக கேக்கலல்ல."

அப்போது அக்கா மாசமாக இருந்தாள். முந்தின வருஷம் ஒரு பிள்ளையை இழந்திருந்தாள். இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பெருமழையில் அப்போது ரோடு சரிந்துவிட்டது. ஜீப் வர வழியில்லாமல் நாற்காலியில் வைத்து நானும் அத்தானும் இன்னும் சிலரும் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை சேரவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. மேகம் கறுத்தால் அத்தான் மட்டும் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டு எல்லையில் வாளையார்ப் பக்கத்தில் ஓர் ஆலையில் பந்தாட்டக்காரர் ஒருவரை வேலைக்கு எடுக்கப்போவதாகச் சேதி வந்தது. ஓர் இடம்தான். ஆலையில் வேலை, அணியில் ஆட்டம், தங்க வீடு, பெரிய ரோட்டை ஒட்டி ஆஸ்பத்திரி. நான் போகிறேன் என்றேன். அத்தானும் வருகிறேன் என்றார். அக்கா இரண்டு பேருக்கும் ஒரே பொட்டலமாகப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

குமுளியில் பஸ் ஏறிக் கம்பத்துக்கு இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைக் குறுக்காகக் கடந்து, கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தோம். அங்கே டீக்கடையில் நிற்கும்போது அத்தான் சொன்னார்:

"மாப்ள, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. எனக்காக விட்டுக்குடுத்து ஆடுன, திரும்பிப் போகையில எம் பக்கத்துல உக்காராத."

"நீங்க விட்டுக்குடுத்தா?"

"நான் எதுக்குலே விட்டுக்குடுக்கேன்? எனக்கு வேல வேணும்." டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

வாளையார் மைதானம் எங்கள் ஊர் மாதிரி இல்லை. புழுதி. கணவாய்க் காற்று முகத்தில் மணலை அள்ளி அடித்தது. செக்போஸ்டில் மாட்டிக்கொண்ட லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. டிரைவர்களும் கிளீனர்களும் தார்ப்பாயின் மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆலையின் கோச் கோயம்புத்தூர்ப் பேச்சுக்காரர். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார். நான் ஒரு பக்கம் இடது விங். எனக்கு நேர் எதிரே, மறுபக்க அணியில், அத்தான். நாங்கள் உறவு என்று கோச்சுக்குத் தெரியாது.

முதல் பந்து வந்ததும் ஓடினேன். தோள் ஏறியது. வலப்பக்கம் சாய்ந்தேன். தோளைப் பார்த்ததும் அத்தான், வழக்கம்போல, என் இடப்பக்கம் கால்வைத்தார். நான் சாய்ந்த பக்கமே போனேன். திரும்ப முயன்றவர் கால் பின்னிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் அடித்தேன், கோல். லாரிகளின் மேலிருந்து விசில் பறந்தது. ஒருவர் ஹாரனே அடித்தார்.

திரும்பி வரும்போது அத்தான் வேட்டியைத் தட்டுவதுபோல டவுசரைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஒங்கக்கா வேலதான இது?" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இன்று ஒரு வேலை இருக்கிறது என்கிற முகம்.

அடுத்த முறை நான் ஓடிவந்தபோது அவர் என் தோளைப் பார்க்கவே இல்லை. காலையும் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தார். பாய்ந்து வரவும் இல்லை. பின்னால், பின்னால், மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார். நான் சாய்ந்தேன், மிதித்தேன், நின்றேன், பாய்ந்தேன். கதவைத் தட்டத் தட்டத் திறக்காத வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது. கடைசியில் மைதானத்தின் கோடு வந்துவிட்டது. பந்து வெளியே போனது. அதற்கடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்ததும். அவர் செய்ததெல்லாம் அவசரப்படாமல் இருந்தது மட்டும்தான். ஒரு தடவை புழுதியில் உட்கார்ந்த மனிதர், அத்தனை பேர் சிரித்த பிறகு, வேலை வேண்டும் என்று வந்த இடத்தில், அவசரப்படாமல் இருந்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோச் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். என்னிடம், "ஏனுங்க தம்பி, உங்க டாட்ஜ் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நடுவுல உங்க அணி ஆளு ஒருத்தரு பந்து கேட்டு ரெண்டு மூணுவாட்டி கையத் தூக்கிட்டு நின்னாரு, பாத்தீங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"உங்களுக்கு இவரையத் தாண்டோணும். கோல் போடோணும்னு இல்லீங்க." பிறகு அத்தானைக் காட்டினார். "ஒருக்கா ஏமாந்தவரு மறுக்கா ஏமாறல பாருங்க. இவருதானுங்க எங்களுக்கு வேணும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்புறம் நிமிர்ந்து, "சார், எனக்கு வேண்டாம். இவன் சின்னப் பய, வாழ வேண்டியவன். இவன எடுத்துக்கிடுங்க" என்றார்.

கோச் என்னைப் பார்த்தார். அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் கண்ணுக்கு நாற்காலியில் சாய்ந்திருந்த அக்காவின் முகம் தெரிந்தது; அடுத்த இடவப்பாதி இன்னும் கொஞ்ச நாளில்.

"சார், அவுக கூச்சப்பட்டுச் சொல்றாக. பிள்ளத்தாச்சிப் பொண்டாட்டி ஊர்ல இருக்கா. எப்ப வந்து சேரணும்னு மட்டும் சொல்லுங்க சார்."

"ஏலே..." என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சும்மா இருந்தார்.

வேலையில் சேர டாக்டரிடம் உடம்பைக் காட்ட, காகிதங்களில் எழுதிக்கொடுக்க என்று அத்தான் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. நான் தனியாகத் திரும்பினேன். பொள்ளாச்சி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலில் காத்திருந்தாள்.

"யாருக்குலே கெடச்சது?"

"அத்தானுக்கு."

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் கழித்துத்தான் என் நினைவு வந்தது.

"ஒனக்கு வருத்தமாலே?"

"ச்சே, எனக்கென்ன வருத்தம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். உள்ளே போய், சோறு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மழைக்கு முன்னால் அவர்கள் வாளையாருக்குப் போனார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, சுகப் பிரசவம்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் தொழிலுக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

அடுத்த பருவத்தில் கீழ எஸ்டேட் அணியில் அத்தான் நின்ற இடத்துக்கு மாடசாமி அண்ணன் வந்தார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் நெருப்புப் போடுகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், பெரிய மீசை, பெரிய உடம்பு. பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வார். அவரைத் தாண்ட எனக்குத் தோளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வேலிக்கம்பைச் சுற்றிப் போவதுபோலப் போனேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல். எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிச் சுமந்தார்கள்.

பிறகு குமுளிக்கு ஓர் ஆட்டத்துக்குப் போனோம். வெளியூர் அணி. அவர்களுடைய பேக் சாதாரண ஆட்டக்காரன்தான். என்னால் ஒருதடவைகூட அவனைத் தாண்ட முடியவில்லை. கால் மந்தமாகிவிட்டது. ஏன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அத்தான் இருந்தவரை ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு புதுக் கணக்குப் போட்டுக்கொடுத்தார். இப்போது கணக்குப் போட ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவரைத் தாண்டித் தாண்டி, கண்ணைத் திறந்து நிற்பவர் முன்னால் என்ன செய்வது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் வேலை விட்டதும் நேரே கீழ எஸ்டேட் ஸ்டோருக்குப் போனேன். மாடசாமி அண்ணன் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னத் தடுக்க நான் ஒங்களுக்குச் சொல்லித்தாரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, கேலியா? மைதானத்துல சிரிச்சது பத்தலையோ?"

"சத்தியமா இல்லண்ணே. நீங்க தடுக்கலன்னா நான் வீணாப் போயிருவேன்."

அவருக்கு நம்பிக்கை வரச் சில நாள் ஆனது. எங்கள் கேப்டனுக்கு விஷயம் தெரிந்து, "எதிரிக்குக் கத்தி தீட்டிக் குடுக்கியா?" என்று என்னோடு பேச்சை நிறுத்தினார். அப்படியும் போனேன். ஸ்டோருக்குப் பின்னால் கொஞ்சம் சமதரை உண்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தான் வாளையாரில் செய்தது ஒன்றுதான். "என்னப் பாக்காதீங்கண்ணே, பந்தப் பாருங்க. பாயாதீங்க. பின்னால போங்க. எனக்கு எடம் தீந்துபோகட்டும்" என்பேன். "பாயாம எப்படிப்பா நிக்கிறது? கையும் காலும் பறக்குதே" என்பார். விழுவார். எழுவார். மீசையில் ஒட்டிய மண்ணைத் துடைப்பார். நெருப்புப் போடுகிறவருக்குப் பொறுமை என்று ஒன்று இருந்தது. ஈரக்காயை அவசரப்படுத்தினால் கருகிவிடும் என்று தெரிந்தவர். அதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். "அட, அது மாதிரியா?" என்று நின்று யோசித்தார். அன்றிலிருந்து மாறினார். நான் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான் முதல்.

பருவக் கடைசி ஆட்டம். மேல எஸ்டேட்டும் கீழ எஸ்டேட்டும். இரண்டு லயத்து ஜனமும் மைதானத்தைச் சுற்றி நின்றது. முதல் பாதியில் அவரை இரண்டு தடவை தாண்டினேன். இரண்டு தடவையும் கஷ்டப்பட்டுத்தான். இரண்டாம் பாதியில் பந்தோடு அவர் முன்னால் வந்தேன். சாய்ந்தேன். அவர் அசையவில்லை. மிதிப்பதுபோல மிதித்தேன். கண் பந்தைவிட்டு எழவில்லை. பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார். நான் மனதார ஒரு பக்கம் கிளம்பிப் பாதியில் மாற்றி வெட்டினேன். நான் மாற்றுகிற அந்த ஒரு கணத்தில் அவர் காலை நீட்டினார்.

என் காலில் பந்து இல்லை. நான் மல்லாந்து கிடந்தேன். அவர் தட்டிவிட்ட பந்தைக் கீழ எஸ்டேட்காரர்கள் எடுத்துக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். மைதானமே எழுந்து கத்தியது. எங்கள் கேப்டன் என்னைப் பார்த்து ஏதோ திட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை.

மாடசாமி அண்ணன் பந்து போன திக்கையே பார்க்கவில்லை. மீசையெல்லாம் மண்ணாக, மூச்சு வாங்க, என் மேல் குனிந்து நின்றார்.

"தம்பி, சரியாப் பண்ணுனேனா?"

"சரியாப் பண்ணுனீங்கண்ணே" என்றேன். "ஓடுங்க. பந்து அங்க போயிருச்சு."